மெதுவாய் இறங்கும் மழை

தியானப் பகுதி: உபாகமம் 32:1-4, யாக்கோபு 1:19-20

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் வெளியே வந்தபோது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசிய ஆடிக்காற்றோடு சாரலும் வந்ததை நினைவுகூருவீர்கள். ஆலய வாசலில் என்னருகே நின்ற ஞாயிறு பள்ளிச் சிறுவன் ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்து, "ஐயா, அவ்வளவு உயரத்துல இருந்து விழற மழை தலையில பட்டா ஏனுங்க வலிக்கறதில்ல?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இந்த வாரம் முழுவதும் என்னோடிருந்தது.

விழுகிற எந்தப் பொருளையும் பூமி தன்னிடம் இழுக்கிறது. வழியில் தடையொன்றும் இல்லையெனில், ஒவ்வொரு நொடியிலும் அதன் வேகம் நொடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவில் கூடிக்கொண்டே போகும். 2 கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து புறப்படும் துளி, அந்தக் கணக்கின்படி, மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைத் தாக்கும். நம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் ஓர் இலையும் மிஞ்சாது.

ஆனால் வழியில் காற்று இருக்கிறது. துளி இறங்க இறங்க, காற்று அதை எதிர்த்து மேல்நோக்கித் தள்ளுகிறது. துளியின் வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் துளியின் எடையும் காற்றின் எதிர்ப்பும் சமமாகின்றன. அதற்குமேல் வேகம் கூடுவதில்லை. துளி ஒரே சீராக இறங்குகிறது. இதனை முற்றுத் திசைவேகம் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறும். மெல்லிய சாரல் துளி நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்திலும், பெருமழையின் பெரிய துளி 9 மீட்டர் வேகத்திலும் வந்து சேருகின்றன. துளி அளவுக்குமேல் பெருத்தால், காற்று அதைச் சிறு துளிகளாக உடைத்தும்விடுகிறது.

காற்றில்லாத இடத்தில் நிலைமை வேறு. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட் நிலவின்மேல் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. இறகைத் தாங்கி மெதுவாக இறக்க அங்கே காற்றில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நம் நாட்டின் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபோதும் பாராசூட் உதவியிருக்காது. கீழ்நோக்கி எஞ்சின்களை இயக்கியே அதன் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அத்தகைய இறக்கத்தைப் பழகிப் பார்க்க நிலவின் மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. அதற்கான பாறை நமக்கு அருகிலுள்ள நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து கிடைத்தது என்பது கொங்கு மக்களாகிய நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

மோசே தம் இறுதிப் பாட்டில், தாம் போதிப்பது மழையைப்போலவும் பனியைப்போலவும் இறங்க வேண்டும் என்கிறார். இளம்பயிரை முறிக்காமல் நனைக்கும் மழை அது. இதைச் சொல்லுகிறவர் யார் என்பதைக் கவனியுங்கள். மேரிபாவின் தண்ணீரண்டையில் ஜனங்களைக் கலகக்காரர் என்று கடிந்து, கன்மலையை இருமுறை அடித்தவர். பதறிப் பேசியவர் என்று சங்கீதம் 106:33 அவரைப்பற்றிக் கூறுகிறது. கானானின் வாசலில், அதற்குள் பிரவேசிக்க முடியாதவராய் நின்றே அவர் இந்தப் பாட்டைப் பாடினார்.

எனக்கும் ஒரு மேரிபா உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, விசைத்தறி வைத்திருந்த ஒரு சகோதரர் மூன்று மாதங்களாக ஆலயத்துக்கு வரவில்லை. அவரைக் குறித்த சில பேச்சுகள் ஒரு சனிக்கிழமை மாலை என் காதுக்கு எட்டின. உடனே புறப்பட்டேன். என் துணைவியார், "இன்னைக்கு ராத்திரி வேண்டாமுங்க. ஜெபம் பண்ணிட்டு நாளைக்குப் போங்க" என்றார். அதை நான் தடையாகவே எண்ணினேன்.

அவர் வீட்டுத் திண்ணையில் நின்றபடியே பேசினேன். நான் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் வேதத்தில் உள்ளவைதான். அவர் தலைகுனிந்து, "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். கடன் தாளாமல் தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றிருந்தார் என்பதும், காணிக்கைப் பை தன்னிடம் வரும்போது வெறுங்கையாய் இருக்க வெட்கப்பட்டே வராதிருந்தார் என்பதும் பின்னரே தெரிந்தன. ஓர் இரவு பொறுத்திருந்தால் அதை நான் விசாரித்து அறிந்திருப்பேன். பிறகு சென்று மன்னிப்புக் கேட்டேன். அன்போடு தேநீர் கொடுத்தார். ஆயினும் அக்குடும்பம் நம் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. அவர்களுக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, காற்று மழையைத் தடுத்து நிறுத்துவதில்லை. மழை வந்து சேரத்தான் செய்கிறது. அதன் வேகம் மட்டுமே அடங்குகிறது. சத்தியத்தைப் பேசாதிருங்கள் என்று யாக்கோபும் சொல்லவில்லை. பேசுவதற்கும் கோபிப்பதற்கும் தாமதிக்கவே சொல்லுகிறார். துணைவியின் ஒரு சொல், எடுக்கப்படாத ஒரு தொலைபேசி அழைப்பு, முழங்காலில் கழியும் ஓர் இரவு ஆகியவை நம் சொல் போகும் வழியில் தேவன் வைத்திருக்கும் காற்றாக இருக்கலாம். இந்த வாரம் உங்கள் பிள்ளையிடமோ, உடன்பிறந்தாரிடமோ, கடையில் வேலைசெய்பவரிடமோ கடிந்து பேச வேண்டியிருந்தால், உங்களைத் தாமதிக்கச் செய்கிறவரை உதறிவிட்டுப் போகாதிருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் சொற்கள் கல்லாய் விழுந்து காயப்படுத்திய இடங்களை நீர் அறிவீர். அங்கே நீரே மழையாய் இறங்கும். பேசுமுன் காத்திருக்கும் கிருபையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்