1002 யாருடைய எண்?

லினக்ஸ் நம்மைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் அறியும். எங்கள் வீட்டுக் கணினியில் அம்மா 1000, நான் 1001, அம்மப்பா 1002. அம்மப்பா காலமான பிறகு அவருடைய கணக்கை நீக்கச் சொன்னார்கள்.

'யூசர்டெல்' கட்டளையோடு '-ஆர்' சேர்த்தால், அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அழிந்துவிடும். சேர்க்காவிட்டால் கடிதங்கள் இருக்கும். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் வெறும் 1002 நிற்கும். அடுத்துத் தம்பிக்குக் கணக்குத் திறந்தால் அதே எண் அவனுக்குப் போகும். கடிதங்களும் அவனுடையதாகிவிடும்.

அவை எங்கள் எல்லோருக்கும் உரியவை. அதனால் முதலில் 'குரூப்ஆட்' கொடுத்துக் குடும்பத்துக்கு ஒரு குழு அமைத்தேன். 'சௌன்' கொடுத்து அம்மாவை உரிமையாளராக்கினேன். 'சிஎச்மாட்' கொடுத்ததும் குழுவில் உள்ளவர்கள் வாசிக்கலாம், திருத்த முடியாது. அதன்பிறகே கணக்கை நீக்கினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தால், நீக்குமுன் கோப்புகள் யாருக்கு என்று எல்லோரும் பேசி முடிவெடுங்கள்.