திருடன் யார் என்று கம்ப்யூட்டர் சொல்லாது!

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். கழுத்து வலிக்க அண்ணாந்து கும்பிட்டுவிட்டு ஒரகடம் கூட்ரோட்டை நெருங்கினோம். ஒரு வேகத்தடை. அவ்வளவுதான், கார் நின்றுவிட்டது. இருமல் இல்லை, புகை இல்லை, பட்டென்று மௌன விரதம்!

நின்ற இடம்தான் வேடிக்கை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சாண்ட்ரோ பிறந்த நாளிலிருந்து இது கார் விளையும் பூமி. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ-நிஸான் வந்தது, 2012-ல் பாரத் பென்ஸ் லாரி, 2013-ல் புல்லட். வயிறு நிறையப் புதுக் கார்களோடு டிரெய்லர் லாரிகள் எங்களைத் தாண்டிப் போகின்றன. நடுக்கடலில் நின்று குடிக்கத் தண்ணீர் தேடிய கதை!

"அப்பாவோட அம்பாஸடரா இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"திருப்பதி போறதுக்குள்ள மூணு எடத்துல தள்ளினோமே, அதுவா?" என்றாள் மனைவி.

வாஸ்தவம்தான். அது அடிக்கடி நிற்கும். ஆனால் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதினால் கிளம்பிவிடும். இப்போதைய கார் நிற்பதே அபூர்வம். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிறது, புகையும் குறைவு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் புல்லட்டே கார்புரேட்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டது. நின்றால்தான் வம்பு. எதை ஊதுவது?

டீக்கடைக்காரர் சொல்லி ஒரு மெக்கானிக் வந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பிளக்கைச் செருகி, கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். 'பி 0335' என்றது.

"கிராங்க் சென்சார், சார்."

"மாத்திடலாமா?"

"இருங்க சார். இந்த மெஷின், புகார் எழுதுற ஏட்டு மாதிரி. எந்த வீட்ல திருட்டுன்னு சொல்லும். திருடன் யாருன்னு சொல்லாது."

பானெட்டுக்குள் தலையை விட்டு, வயரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தோ, மாட்டிக்கிச்சு!"

எலி கடித்த வயர். ஒட்டிக்கொண்டிருந்த ஓரிரு இழையும் வேகத்தடையில் அறுந்திருக்கிறது. முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினார். அரை மணியில் கார் உறுமியது.

"சென்சாரை மாத்தியிருந்தா?"

"புது சென்சாரோட இங்கியே நின்னுனு இருப்பீங்க."

"அப்போ எல்லா ரிப்பேரும் உங்களால முடியுமா?"

சிரிப்பு நின்றது. "கம்ப்யூட்டர் பெட்டியே போச்சுன்னா முடியாது சார். புதுப் பெட்டி மாட்டினாலும், இந்த வண்டிக்குப் பொருத்தி விடற மெஷின் கம்பெனிகிட்டதான் இருக்குது. கண்ணு, கை எல்லாம் என்னுது. சாவி அவங்களுது."

கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், கலர் கேட்கிறோம். 'நின்னுபோனா யார் தொறப்பாங்க?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

புறப்படும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த தடவை மொதல்ல பிள்ளையார் கோயில். அப்புறம்தான் முருகன்."

"ஏன்?"

"கடிச்சது அவரோட வண்டிதானே!"