சீமையில் விட்டு வந்த கடன்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தருகே என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னை நிறுத்தினான். "ஸார், அடுத்த மாதம் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்டான்.

"நல்ல குடை ஒன்று போதும்" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2003-ஆம் வருஷம் நானும் அந்த ஊருக்குத்தான் கணிதம் படிக்கப் போனேன். தகப்பனார் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்த பணம். ஊரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்புச் செங்கல், ஓயாத மழை, ஆக்ஸ்போர்டு ரோட்டில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் பஸ்கள். வித்திங்டனில் வயோதிக அம்மாள் ஒருத்தியின் மாடியறையில் குடியிருந்தேன். ஜனவரியில் எனக்குக் கடும் ஜுரம் கண்டது. பத்து நாளும் அந்த அம்மாள்தான் மாடியேறி வந்து பார்த்துக்கொண்டாள். கஞ்சி வைக்கும் விதத்தைப் படுக்கையிலிருந்தபடியே சொல்லிக் கொடுத்தேன். அவள் கொண்டுவந்தது கஞ்சியுமல்ல, சாதமுமல்ல. ஆயினும் அதைக் குடித்துத்தான் எழுந்தேன்.

மறு செப்டம்பரில் புறப்பட்டேன். விடியற்காலை விமானம். "போகும்போது என்னை எழுப்பு" என்று சொல்லியிருந்தாள். நான் எழுப்பவில்லை. சாவியைச் சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டுத் திருடனைப்போல் வெளியேறினேன். அழுதுவிடுவேனோ என்ற வெட்கம், வேறொன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மயிலாப்பூருக்கு ஒரு பார்சல் வந்தது. நான் மறந்து விட்டு வந்த கம்பளிக் கழுத்துத்துணியைத் துவைத்து மடித்து அனுப்பியிருந்தாள். நாளைக்குப் பதில் எழுதலாம் என்று எடுத்து வைத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் லஸ் சர்ச் ரோடு வழியாகத்தான் போகிறேன். 1919-இல் சீமையிலிருந்து திரும்பிய கணித மேதை ராமானுஜன் சில காலம் அந்தச் சாலையில்தான் தங்கியிருந்தார். 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' கப்பலேறியவர், ராயல் சொஸைட்டி அங்கத்தினராக, ஆனால் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். மறு வருஷம் ஏப்ரலில் சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது 32.

அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்படுமுன் செய்த காரியம் ஒன்று உண்டு. சென்னை ஸர்வகலாசாலை அவருக்கு வருஷம் 250 பவுன் அளிக்க முன்வந்திருந்தது. 1919 ஜனவரி 11-இல், நோயாளியாக இருந்த நிலையிலேயே, அவர் ஸர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார்: இந்தியாவில் தமக்கு இவ்வளவு தொகை வேண்டியிராது, பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் உபயோகிக்கலாம் என்று. வருஷந்தோறும் முதல் வகுப்பில் இதை உருக்கமாகச் சொல்லுகிறேன். பார்சல் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். அவன் கைபேசியை எடுத்து, "கதவு இலக்கம் என்ன, ஸார்?" என்றான். தடையில்லாமல் வாயில் வந்தது. அந்த அம்மாள் இருந்தால் இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும்.

"நான் போய்ப் பார்க்கிறேன். என்ன சொல்லட்டும்?"

"கடிதம் தருகிறேன்" என்றேன்.

அவன் பன்னிரண்டாம் தேதி புறப்படுகிறான். காகிதம் வாங்கிவிட்டேன். இதுவரை விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.