நெய்தல் பாலையான மணலில்

பாலை என்று தனித்ததொரு நிலம் தமிழகத்தில் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரியும்போது பாலையாகின்றன என்று இளங்கோவடிகள் கூறுவார். அவ்விடத்தில் நெய்தலைப் பற்றிப் பேச்சில்லை. நெய்தலும் பாலையாகும் என்பதைக் காண விரும்புவோர் இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனைக்குச் செல்ல வேண்டும்.

விவிலியத்தின் பெரும் நிகழ்ச்சிகள் பல பாலைநிலத்தில் நடந்தவை. இஸ்ரயேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் அங்கே அலைந்தார்கள். எலியா அங்கேதான் சாவை வேண்டிப் படுத்தார். நம் ஆண்டவரும் நாற்பது நாள் அங்கே நோன்பிருந்தார். தவக்காலந்தோறும் இவற்றைக் கேட்கிறோம். ஆயினும் கடலோரத்தில் வாழும் நமக்குப் பாலை என்பது மறையுரையில் வந்துபோகும் ஒரு சொல்லாகவே நின்றுவிடுகிறது. தேவிபட்டினம் பகுதியிலிருந்து நாங்கள் ஒன்பது பேர், தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், தனுஷ்கோடி மணலை நடந்தே கடக்கப் புறப்பட்டதற்கு இதுவே காரணம்.

2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. பேருந்திலோ காரிலோ சென்று, முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நாங்கள் முகுந்தராயர் சத்திரத்திலேயே இறங்கி, அங்கு வாழும் மீனவப் பெரியவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு சாலையை விட்டு விலகினோம். இடிந்த ஊர் அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சாலையில் அது ஒரு பொருட்டன்று. மணலிலோ, வைத்த காலை மறுபடி எடுப்பதே ஒரு வேலை. இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குகின்றனர். இரண்டுக்கும் நடுவே வெண்மணலும், உப்புப் பூத்த சேற்றுத் திட்டுகளும், இராவணன் மீசைப் புல்லும், அடப்பங்கொடியும். நிழல் என்பது எங்கள் நிழல் மட்டுமே.

எங்களுள் இளையவர் ஒருவர் வழியைக் குறுக்க எண்ணி, காய்ந்ததுபோல் தோன்றிய திட்டு ஒன்றின்மேல் கால்வைக்கப் போனார். "அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, மேலதான் காஞ்சிருக்கு, கீழ சேறு. காலை இழுத்துரும்" என்றார் பெரியவர். அதன்பின் அவருடைய அடிச்சுவட்டிலேயே நடந்தோம். வழிகாட்டப்படுதல் என்பதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கிற்று. வழியை அறிந்தவருக்கு முன்னால் ஓடாதிருப்பதே அதில் பாதி.

இந்த மணல் ஒரு காலத்தில் ஊராயிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். துறைமுகம், சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், பள்ளி, கோயில், ஆலயம் யாவும் இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் புயலும் பேரலையும் எழுந்தன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் தொடர்வண்டி ஊரை எட்டும் தறுவாயில் கடலுக்குள் போயிற்று. அதில் இருந்தவர்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள்களே இருந்தன. பின்னர் அரசு அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது.

ஆலயத்தின் சுவர்கள் பவளக் கற்களால் ஆனவை. கூரை இல்லை. அன்று சுற்றுலாப் பயணிகள் பலர் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு வாய் எழவில்லை. ஆனால் ஓர் எண்ணம் உறுத்திற்று. ஓரியூரில் புனித அருளானந்தரின் குருதி சிந்திய செம்மண்ணை நாம் பத்திரமாக எடுத்துச் சென்று வீட்டில் வைக்கிறோம். 1693இல் சிந்திய ஒருவரின் குருதிக்கு அத்தனை மதிப்பு. இங்கோ, கல்லறையும் பெயர்ப்பலகையும் இன்றி எத்தனையோ பேரைக் கடலும் மணலும் மூடியிருக்கின்றன. அவர்கள் மறைசாட்சியர் அல்லர்தாம். எனினும் அந்தத் தாய்மாரையும் குழந்தைகளையும் பெயர் சொல்லி அழைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதன்றோ நம் விசுவாசம்? "அன்று இறைவன் எங்கே இருந்தார்?" என்று எங்களுள் ஒருவர் மெல்லக் கேட்டார். விடை சொல்ல யாரும் துணியவில்லை. சுவரோரம் முழந்தாளிட்டு, இறந்த விசுவாசிகளுக்காகவும், வேறு சமயத்தவராய் மாண்டவர்களுக்காகவும் ஒரு செபமாலை சொன்னோம்.

பெரியவர் இந்துச் சமயத்தவர். செபம் முடியும்வரை தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர், பிறகு எங்களைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றார். மணலைக் கைகளால் தோண்டினார். மூன்றடி ஆழத்தில் ஈரம், பின் நீர். சிரட்டையில் மொண்டு கொடுத்தார். இருபுறமும் கடல் கிடக்க, அந்த நீர் தித்தித்தது.

இது புதுமையன்று, இயற்கையின் ஒழுங்கு. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் எடை குறைந்ததால் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கிறது. அளவோடு மொண்டால் அது நன்னீர். ஆழத் தோண்டி மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். பின்னர் அந்த ஊற்று நெடுநாள் உதவாது. தகுதியற்ற நிலம் என்று எழுதப்பட்ட இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றளவும் வாழ்வது இந்த அளவறிந்த மொள்ளலால்தான். "எடுத்தா எடுத்த அளவுக்கு ஊறும். அவசரப்பட்டா உப்பு" என்றார் பெரியவர்.

மன்னாவை மறுநாளுக்கென்று சேர்த்துவைத்தவர்களுக்கு அது புழுத்துப்போன கதையை நாம் அறிவோம். பாலைநிலம் கற்பிக்கும் முதற்பாடம் அந்நாளிலும் இந்நாளிலும் ஒன்றே. இன்றைய உணவு இன்றைக்கு. நாளைய ஊற்றைத் தருபவர் வேறொருவர். சாலை வந்தபின் அந்த முனைக்கு ஆயிரமாயிரமாய் மக்கள் வருகின்றனர். குப்பியும் நெகிழிப் பையும் மணலில் புதைகின்றன. மணலுக்கு அடியிலே இறந்தோரின் துயிலும் இருப்போரின் குடிநீரும் ஒருங்கே கிடப்பதை அறிந்தவர்கள் அங்கே மெதுவாக நடப்பார்கள். தனுஷ்கோடிக்குச் செல்லும் நம் பங்கு மக்கள் ஒரு செபத்தைக் கொண்டுசெல்லட்டும். தாங்கள் கொண்டுசென்ற குப்பையைத் தாங்களே திரும்ப எடுத்து வரட்டும். மாண்டவர்க்கும் வாழ்வோர்க்கும் நாம் செலுத்தக்கூடிய மிக எளிய மரியாதை அது.