நிறுத்தத் தெரிந்த உயிரணு

கெடா மாநிலத்துச் செமிலிங்கில் நின்று நிமிர்ந்து நோக்குவோர்க்கு ஜெராய் மலை முகில் போர்த்துத் தோன்றும். அம்மலையடிவாரத்திலும் பீடோங், சுங்கை பட்டாணிச் சுற்றுவட்டத்திலும் ஒரு காலத்தில் பால்மரங்களே நிரைநிரையாக நின்றன. அவற்றுள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு மறைந்துவிட்டன. ஆனால், அம்மரங்கள் கற்பித்த பாடம் ஒன்று மறையத்தக்கதன்று.

இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய பால்வெட்டுத் தொழிலாளி உயிரியல் நூல் பயின்றவரல்லர். ஆயினும், உயிரின் நுண்ணிய மறை ஒன்றை அவருடைய உளி அறிந்திருந்தது. பட்டையை மெல்லச் சீவ வேண்டும். பால் வடிய வேண்டும். ஆனால் உளி மரத்தைத் தொட்டுவிடலாகாது. வெட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையேனும் எஞ்சி நிற்க வேண்டும். அந்த மெல்லிய எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெயர் ‘காயம்’. மேற்பார்வைக்கு வரும் கங்காணியின் கண் முதலில் தேடுவதும் அதனையே.

அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்த வழக்கம் மரத்தைப் பாழாக்கியது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவும் முறையை வகுத்தார். மலாயாவின் இரப்பர்த் தொழில் அம்முறையின் மேல் எழுந்தது. வெட்டிய பட்டை மீண்டும் வளர்ந்ததனாலேயே ஒரே மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் குடும்பங்களுக்குச் சோறிட்டது.

பட்டை எவ்வாறு மீண்டும் வளர்கிறது? உளி தொடாமல் விட்ட அவ்விடத்தில் ‘கேம்பியம்’ என்னும் வளர்படலம் உள்ளது. அதன் உயிரணுக்கள் ஓயாது பிரிவன. உட்புறம் ஈன்றவை மரமாகும். வெளிப்புறம் ஈன்றவை பட்டையாகும். பாற்குழாய்களும் அவ்வழியே தோன்றும். ஓர் உயிரணு பிரியுமுன் முதலில் தன் அளவில் வளர்கிறது. பின்னர்த் தன் உட்கருவிலுள்ள மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்கிறது. பால்மரத்தின் 36 குரோமோசோம்களும் இரட்டித்து, நடுக்கோட்டில் அணிவகுத்து, இருபுறமும் சமமாகப் பிரிகின்றன. இடையே புதுச்சுவர் எழுகிறது, ஒன்று இரண்டாகிறது.

இதனினும் வியப்புக்குரியது அதன் கட்டுப்பாடு. ‘வளர்ச்சி போதுமா? படியெடுத்ததில் பிழையுண்டா? அணிவகுப்பு நேராயிற்றா?’ என்று படிதோறும் தணிக்கை நடக்கிறது. பிழை கண்டால் பணி நின்றுவிடும். ‘சைக்ளின்’ என்னும் புரதங்கள் உரிய நேரத்தில் பெருகியும் அழிந்தும் இச்சுழற்சியை நடத்துகின்றன. ஈஸ்ட்டிலும் கடல்முள்ளெலி முட்டையிலும் இவ்வுண்மைகளைத் துருவிக் கண்ட ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்டுக்கும் பால்மரத்துக்கும் மனிதனுக்கும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை ஒன்றே.

உளி ஆழப் பாய்ந்து வளர்படலம் புண்பட்டால் அவ்வொழுங்கு குலைகிறது. புண்ணை மூட விரைந்து பெருகும் உயிரணுக்கள் தாறுமாறாக அடுக்கப்பட, மரத்தில் முண்டும் முடிச்சும் எழுகின்றன. பின்னாளில் அவ்விடத்தில் உளி சீராக ஓடாது. ஒரு நாளின் அவசரம் பல்லாண்டுப் பாலைக் கெடுத்துவிடும்.

மரத்தின் முண்டு அங்கேயே நின்றுவிடும். சுவர் சூழ்ந்த தாவர உயிரணுக்கள் இடம்விட்டு இடம் செல்லமாட்டா. மனித உடலின் நிலை வேறு. தணிக்கைக்கு அடங்காத ஓர் உயிரணு, நிறுத்தத் தெரியாமல் பெருகிக் கட்டியாகி, குருதி வழியே பிற உறுப்புகளையும் சென்றடைகிறது. அதுவே புற்றுநோய்.

இங்கேதான் ஒரு வேதனை எண்ணத்தக்கது. மரத்தில் எழுந்த முண்டைக் கண்டதும் கங்காணியிடம் சொல்லத் தயங்காத தாய், தன் மார்பில் எழுந்த கட்டியைப் பெற்ற மகளிடமும் சொல்ல நாணுகிறாள். ‘வலி இல்லையே’ என்று மறைக்கிறாள். வலியின்மை நலத்திற்குச் சான்றாகாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் மருத்துவமும் கைபிசைந்து நிற்கும். மரத்தின் காயத்துக்குக் கணக்குக் கேட்ட தோட்டத்து வாழ்க்கை, உடலின் கட்டியைப் பற்றிப் பேசப் பழக்கவில்லை. அக்குறையை நீக்கும் கடமை இன்று வகுப்பறைக்கு உரியது. ஆசிரியர் கற்பிக்கும் உயிரணுப் பாடத்தை மாணவர் வீட்டுக்குக் கொண்டுசென்று அன்னையிடம் சொல்லுதல் வேண்டும்.

வளர்வது உயிரின் இயல்பு. உரிய இடத்தில் நிற்பது உயிரின் அறிவு. பட்டையோடு நின்ற உளி மரத்தைக் காத்தது. பிரியவேண்டிய போது பிரிந்து, நிற்கவேண்டிய போது நிற்கும் உயிரணு உடலைக் காக்கிறது.