முன்பாய்ப் பாட்டிமாரின் தாளம்

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. கிராமக் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தவிப்பார்கள். கீபோர்டைக் கவனித்தால் போதும். பாட்டின் முதல் வரியை நான் வாசித்து முடிப்பதற்குள் சபை எழுந்துவிடும். செருப்பு வெளியே, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், தலையில் முக்காடு. மற்றதெல்லாம் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

வாசிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். பாமாலைப் பாட்டெல்லாம் மேல்நாட்டு மெட்டு. அச்சடித்தபடி வாசித்தால் நான் மூன்றாம் வரியில் நிற்பேன். முன்பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் இரண்டாம் வரியின் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை விரட்டக் கூடாது. கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்து, அவர்கள் மூச்செடுக்கும் சத்தம் கேட்டதும் அடுத்த வரியைத் தொட வேண்டும். விடிகாலை ஆராதனையென்றால் தொண்டை திறந்திருக்காது, சுருதியை ஒரு கட்டை இறக்கிவிடுவேன்.

கீர்த்தனை வேறு ரகம். பாட்டின் தலையிலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சைக்குப் போய், சரபோஜி மன்னர் காலத்தில் இயற்றிய பாட்டுகளை இன்றும் புத்தகம் பார்க்காமல் பாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கொடுக்கும் அசைவு என் கீபோர்டில் வராது. சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். வாலிபர்கள் ரிதம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். அமுக்கினால் முன்பாய் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு நான் சம்மதிப்பதில்லை.

காணிக்கைப் பாட்டுக்குச் சரணக் கணக்கு கிடையாது. பை கடைசி வரிசையைத் தாண்டிப் பீடத்துக்கு வரும்வரை பாட்டு ஓடியாக வேண்டும். கமிட்டி அய்யா யாராவது சில்லறை தேடினால் இன்னொரு பல்லவி.

பிறகு அறிவிப்புகள். கல்யாண ஓலை வாசிக்கும்போது மட்டும் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். யார் வீட்டுப் பெண், எந்த ஊர் மாப்பிள்ளை என்று அறியாமல் எப்படி? சபைத் தேர்தல் வந்தால் இதே ஜனம் இரண்டாகப் பிரியும், பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆனால் எதிரெதிராக நின்ற இருவர் பாடகர் குழுவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சமாதானம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் பாஸ் குரல், அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். காணிக்கையாக வந்த வாழைத்தாரும் சேவலும் வாசலில் ஏலம் போகும். கடை விலையை நினைத்துக் கேட்டால் சிரிப்பார்கள். பாட்டிமார் உங்களை நிறுத்தி, “எந்த ஊருய்யா, யாரு மவன்?” என்பார்கள். பதில் சொல்லிவிட்டால் அசனத்துக்கும் அழைப்பு வரும். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், ஊரே ஒன்றாக உட்காரும் பந்தி. முதல் பந்தியிலேயே உட்காருங்கள். மூன்றாம் பந்திக்குக் குழம்பில் உருளைக்கிழங்குதான் அகப்படும்.