நோன்பு வைப்பீங்களா?

1/ ரம்ஜான் நெருங்குது. வீட்ல சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்க இருந்தா இதைப் படிங்க. நான் செஞ்ச தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2/ சில வருஷம் முன்னாடி. என்கிட்ட வழக்கமா வர்ற பாய் ஒருத்தர், 60 வயசுக்கு மேல. "நோன்பு வைக்கலாமா டாக்டர்?"னு கேட்டார். வெளியே கூட்டம். நிமிர்ந்துகூட பார்க்காம "உங்க சுகருக்கு அதெல்லாம் வேண்டாம்"னு சொல்லிட்டேன். தலையாட்டிட்டுப் போனார்.

3/ பத்து நாள் கழிச்சு சாயங்காலம் 5 மணிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல். சுகர் 42. குளுக்கோஸ் ஏத்தினதும் கண் திறந்தவர் முதல்ல கேட்டது: "மஃரிபுக்கு பாங்கு சொல்லிட்டாங்களா?"

4/ காலையில போடுற கிளிமிபிரைடை சஹர்லயே போட்டிருக்கார். வயித்துல சாப்பாடு இல்லாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. 13 மணி நேரப் பட்டினியில ஆபத்து.

5/ "ஏன் பாய் சொல்லல?"
"திட்டுவீங்கன்னுதான்."
எனக்குக் கோபம். அதே வருஷம் ஐப்பசியில என் அம்மா கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். பிரஷர் மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. கேட்டா, "சொன்னா நீ விடமாட்டியேப்பா."

6/ அப்போதான் உறைச்சது. நான் "வேண்டாம்"னு சொன்னா யாரும் விரதத்தை விடறதில்ல. என்கிட்ட உண்மை சொல்றதைத்தான் விடறாங்க.

7/ இப்போ ஒண்ணரை மாசம் முன்னாடியே நானே கேட்டுடறேன். மெட்ஃபார்மின் மட்டும்னா பெரும்பாலும் நேரத்தை மாத்தினா போதும். கிளிமிபிரைடு, இன்சுலின்னா அளவையும் பார்க்கணும். நீங்களா மாத்தாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க.

8/ டைப் 1, கிட்னி பாதிப்பு, அடிக்கடி லோ சுகர் ஆகறவங்க: இவங்களுக்கு இன்னிக்கும் வேண்டாம்னுதான் சொல்றேன். ஆனா உட்கார வச்சு, காரணத்தோட. நோயாளிக்கு குர்ஆனே சலுகை தந்திருக்கு.

9/ விரல்ல குத்தி சுகர் பார்த்தா நோன்பு முறியாதுன்னுதான் பெரும்பாலான உலமாக்கள் சொல்றாங்க. 70-க்குக் கீழ போனா பாங்குக்காகக் காத்திருக்காதீங்க, உடனே திறந்துடுங்க.

10/ பாய்க்கு அடுத்த வருஷம் மாத்திரையைக் குறைச்சு, நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாத்தினோம். இடையில ரெண்டு நோன்பை முன்னாடியே திறந்துட்டார். பெருநாள் அன்னிக்கு பிரியாணியோட வந்து ஒரு நோட்டை நீட்டினார். அந்த ரெண்டு நாளும் அதுல இருந்தது, மணியோட, சுகர் அளவோட. ஒண்ணும் மறைக்கல.